அப்பாவுக்கும் ஒரு போத்தல்

அஜந்தன் ஒரு மாபெரும் முடிவெடுத்தான். இந்த முறை யாரிடமும் வாயைத் திறப்பதில்லை.

எடுத்த முடிவைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரலாம் என்று வாசலுக்குக் கிளம்பினான். சிவசக்தி கதவைச் சாத்தினாள்.

"எங்க போறீங்க?"

"சும்மாதான். இனிமே நான் எதையும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"எதைன்னு கேப்பாங்களே?"

அஜந்தன் யோசித்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். சிவசக்திக்கு ஊர் வாய் ஒரு பொருட்டில்லை. புருஷன் வாய்தான் பெரும்பாடு. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் அவனுக்கு வேலை. அந்த இரைச்சலில் எட்டு மணி நேரம் என்ன பேசினாலும் பக்கத்தில் நிற்பவன் காதில் விழாது. உள்ளே சேர்ந்ததையெல்லாம் வெளியே வந்துதானே கொட்டியாக வேண்டும்? இத்தனைக்கும் அவன் அப்பா இராமையா வாய் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. தங்கமான, அமைதியான மனிதர் என்று தோட்டம் முழுக்கப் பெயர். அவருக்கு இப்படியொரு பிள்ளையா என்பது பலருடைய சந்தேகம்.

போன வருஷம் சிவசக்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று லய வீட்டு வரிசைகளுக்கும், கடைக்கும், கோயில் பூசாரிக்கும், பஸ் டிரைவருக்கும் செய்தி போய்விட்டது. ஏழாவது வாரத்தில் அது தங்கவில்லை. தங்காத செய்தியை மட்டும் அஜந்தனால் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு அவனுக்கு நா எழவில்லை. அதனால் இரண்டு மாதம், கொழுந்து பறிக்கும் மலையில் ஒவ்வொருத்தியும் ஆசையாக வந்து "இப்ப எத்தன மாசம்?" என்று கேட்க, ஒவ்வொருத்திக்கும் சிவசக்தியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வலி அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே இந்த முறை சட்டம் ஒன்றுதான். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கண்ணால் காணும்வரை ஈ எறும்புக்கும் தெரியக்கூடாது. சனிக்கிழமை பண்டாரவளையில் ஸ்கேன். ஏழரை வாரம்.

வெள்ளிக்கிழமை முழுக்க அஜந்தன் கேட்டுத் துளைத்தான். மறக்காமலிருக்கப் பதினேழு கேள்விகளைப் போனில் வேறு பதிந்து வைத்திருந்தான்.

"மூக்கு தெரியுமா?"

"ஏழு வாரத்துல மூக்கா?"

"எங்கப்பா மூக்குன்னா தெரியும்."

"புளியங்கொட்ட அளவுகூட இருக்காதாம்ங்க. மிட்வைஃப் மிஸ் சொன்னாங்க."

"ஆணா பொண்ணான்னு?"

"இப்ப தெரியாது. ஒன்னா ரெண்டா, சரியான எடத்துல இருக்கா, எப்ப பொறக்கும், துடிப்பு இருக்கா. இவ்வளவுதான் பாப்பாங்க."

"வலிக்குமா?"

"வயித்துல பசை மாதிரி ஒன்னத் தடவுவாங்களாம். ஜில்லுன்னு இருக்குமாம். அதுமேல ஒரு கருவிய வச்சு உருட்டுவாங்களாம்."

"உருட்டுறதா? அப்ப நம்ம டிப்பார்ட்மென்ட்தான்!"

"அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு போத்தல் தண்ணி குடிக்கணும். ஒன்னுக்குப் போகாம அடக்கிக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் படம் தெளிவா விழுமாம்." சிவசக்தி ஒரு கணம் நிறுத்தி, மேசைமேல் இரண்டு போத்தல்களை வைத்தாள். "இது எனக்கு. இது ஒங்களுக்கு."

"எனக்கு எதுக்கு?"

"நான் தனியா குடிச்சா பயத்துல தொண்டைக்குள்ள எறங்காதாம். புருஷனும் கூடவே குடிச்சாத்தான் எறங்குமாம். ஆனா நீங்க மடக்கு மடக்குன்னு குடிக்கக் கூடாது. ஒரு வாய் எடுத்து நூறு எண்ணுற வரைக்கும் வாயிலயே வச்சிருந்து மெதுவா முழுங்கணும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாய்."

வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். அஜந்தனோ விளக்கமே கொடுக்கத் தொடங்கிவிட்டான். "கரெக்ட்தான். பக்கத்துல ஒருத்தன் கொட்டாவி விட்டா நமக்கும் வருதுல்ல? அது மாதிரிதான் இதுவும்."

"அதேதாங்க" என்றாள் சிவசக்தி.

பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பாதையில் வளைவுக்கு ஒரு நாளும் குறைவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் பாதித் தோட்டம் இருந்தது. ஏறியதும் முன் இருக்கையில் சந்திக் கடை மொஹிதீன் நானா திரும்பிப் பார்த்தார். அவரிடம் ஒரு செய்தி சொன்னால் லவுட் ஸ்பீக்கர் தேவையில்லை.

"என்ன தம்பி, பொஞ்சாதியோட எங்க பயணம்?"

அஜந்தனுக்கு நாக்கு நமநமத்தது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்திருக்கிறது. "அது வந்து நானா..." என்று தொடங்கினான்.

"வளைவு வருது" என்று சிவசக்தி போத்தலை நீட்டினாள்.

ஒரு வாய். நூறு எண்ண வேண்டும். எண்பத்தாறில் அடுத்த வளைவு.

"என்ன, சத்தத்தக் காணோம்?"

"ம்ம்ம்."

"பல்லு வலி நானா" என்றாள் சிவசக்தி. "பல் டொக்டர்கிட்டப் போறோம்."

பல் வலி என்றதும் பஸ்ஸே வைத்தியரானது. மொஹிதீன் நானா கராம்பு வைக்கச் சொன்னார். பின்னாலிருந்த ஒரு கிழவி உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள். "அதத்தான் வாயில வச்சிருக்கார் போல" என்றாள் இன்னொருத்தி. அஜந்தன் கன்னம் உப்ப, கண் பிதுங்க, எல்லோருக்கும் தலையை ஆட்டினான். பண்டாரவளை வருவதற்குள் போத்தல் காலி. அவன் மட்டும் நிறைந்திருந்தான்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இவர்களுக்கு முன்னால் ஐந்து பேர். அஜந்தன் ஒரு காலை மற்றொரு காலோடு பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"அந்தப் பக்கம் போயிட்டு வாங்களேன்" என்றாள் சிவசக்தி, இரக்கப்பட்டு.

"போன நேரம் பாத்து ஒன்னக் கூப்பிட்டுட்டா? நீ அடக்கலையா? நானும் அடக்குவேன்." நெற்றியில் வியர்வை வழியச் சொன்னான். சிவசக்திக்கு அவனை அந்த நேரத்தில் ரொம்பப் பிடித்தது.

டொக்டர் ரிஸ்கா சின்ன வயது, சிரித்த முகம். அறையில் விளக்கைக் குறைத்தார். பசையைத் தடவினார். சிவசக்தி "ஸ்ஸ்" என்றாள். அஜந்தனும் "ஸ்ஸ்" என்றான், வேறு காரணத்துக்காக.

"ஏன் நெளியுறீங்க?"

"ஒரு போத்தல் தண்ணி, டொக்டர்."

"நீங்க எதுக்குக் குடிச்சீங்க? அம்மா குடிச்சாப் போதுமே."

சிவசக்தி கூரையைப் பார்த்தாள். அஜந்தன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் திரையில் மூடுபனி மாதிரி ஒரு சாம்பல் நிறம் பரவி, நடுவில் கருப்பாக ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் ஓரமாக ஒட்டிக்கொண்டு, ஒரு கடலைப் பருப்பு.

"ஒன்னுதான். சரியான இடத்துல இருக்கு" என்றார் டொக்டர். கருவியை லேசாகச் சாய்த்தார். திரைக்குக் கிட்டே குனிந்து உற்றுப் பார்த்தார்.

சிவசக்தியின் விரல்கள் அஜந்தனின் மணிக்கட்டை நெரித்தன.

"இங்க பாருங்க."

பருப்பின் நடுவில் ஏதோ மினுங்கியது. நின்றுவிட்டதோ என்று பயப்படுவதற்குள் மறுபடி மினுங்கியது. விடாமல், அவசர அவசரமாக, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி.

"இதுதான் துடிப்பு. நல்லா இருக்கு."

சிவசக்தி அழுதாள். போன வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது. பதினேழு கேள்விகளும் போனிலேயே கிடந்தன. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், அஜந்தன் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் நின்றான். அப்படியே ஒரு நிமிஷம் நின்றான். அடுத்த நிமிஷம் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

திரும்பி வந்தபோது அவனுக்குப் பேச்சும் திரும்பியிருந்தது. "துடிப்பு பாத்தாச்சு. இனிச் சொல்லலாம்ல?"

"அத்தைகிட்டயும் மாமாகிட்டயும் மட்டும் சொல்லுங்க."

திரும்பி வந்த பஸ்ஸில் பல்லைப் பிடுங்கியாயிற்று என்று சொல்லி, கன்னத்தில் கைக்குட்டையை வைத்துச் சமாளித்தான். தோட்டத்தில் இறங்கியதும் ஒரே ஓட்டம். கீழ் லயத்தில் அம்மா பெரியாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பா இராமையா, வழக்கம்போல் வெற்றிலையை அடக்கிக்கொண்டு.

"அம்மா! ஒரு விஷயம்..."

"துடிப்பு இருந்துச்சா?" என்றாள் பெரியாயி.

அஜந்தன் நின்ற இடத்திலேயே நின்றான். "ஒனக்கு... எப்படி...?"

"மூணு வாரமாத் தெரியும். சக்தி சொல்லுச்சு. இருந்துச்சான்னு சொல்லுடா!"

"இருந்துச்சு."

பெரியாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அஜந்தனுக்கு இப்போதுதான் டொக்டர் கேட்ட கேள்வி மெல்ல மெல்ல உறைத்தது.

"அப்ப அந்தத் தண்ணி... அது மிட்வைஃப் மிஸ் சொன்னதில்லையா?"

"அந்தப் புள்ள மேல எதுக்குப் பழியப் போடுற? நான்தான் சொன்னேன். ஒங்கப்பாவும் ஒரு காலத்துல ஒன்ன மாதிரிதான். நீ வயித்துல இருந்தப்பதான் வெத்தல மடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். ஒனக்குத்தான் வெத்தல புடிக்காதே."

அஜந்தன் அப்பாவைப் பார்த்தான். தங்கமான, அமைதியான மனிதர் இரண்டு கன்னமும் உப்ப மகனைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பெரியாயி இன்னொரு வெற்றிலையை மடித்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சிவசக்தி, கையில் நிரப்பிய போத்தலோடு.

"மூணு மாசம் முடிய இன்னும் அஞ்சு வாரம் இருக்குங்க."