மீட்டருக்கு வெளியே ஒரு மடு

ஒரு காட்டில் ஓடை ஒன்று ஓடியது. ஓடைக் கரையில் நெல்லிக்காய் ஊறுகாய் ஆலை இருந்தது. ஆலைக்குச் சற்றுக் கீழே இருந்த மடுவில் சுழியன் என்ற நீர்நாய் மனைவி மக்களோடு குடியிருந்தான்.

ஆலை முதலாளி தேனப்பன் என்ற கரடி. காய் கழுவ, பானை கழுவ, தரை கழுவ, சும்மா திறந்துவிட்டு வேடிக்கை பார்க்க என்று ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். மடு நாளுக்கு நாள் வற்றியது. குட்டிகள் இன்னும் நீந்தப் பழகவில்லை. தண்ணீர் இருக்கும்போதே பழக்கிவிட வேண்டுமே என்ற கவலையில் சுழியனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஊறுகாயை வெளிநாட்டுக்கு வாங்கிப்போகும் பூநாரை அம்மையார் வந்து இறங்கினார். ஆலை வாசலில் தண்ணீர் மீட்டர் ஒன்றை மாட்டினார்.

"இப்ப எவ்வளவு ஓடுதோ, அதுல பாதிதான் இனிமே ஓடணும். இல்லேன்னா உங்க ஊறுகாய நீங்களே நக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

தேனப்பன் சுழியனுக்கு ஆள் அனுப்பினார். "தம்பி, நீ தண்ணியிலயே பொறந்து வளர்ந்தவன். இன்னையிலேர்ந்து நீதான் நம்ம ஆலைக்கு நீர்ச் சிக்கன அதிகாரி."

மடுவைக் காப்பாற்ற இதைவிட நல்ல பதவி உண்டா? சுழியன் மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்தான். ஒழுகிய குழாய்களை அடைத்தான். காயைக் கடைசியாக அலசிய தண்ணீரை அடுத்த கூடையின் முதல் அலசலுக்கு எடுத்துவைக்கச் சொன்னான். தரையில் சிந்திய மசாலாவைப் பெருக்கி அள்ளிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றான். மடுவில் தண்ணீர் கொஞ்சம் ஏறியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் வேலைக்கிருந்த குரங்குகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. "துடைப்பம் பிடிக்கவா ஊறுகாய் கம்பெனியில சேர்ந்தோம்?" மீட்டரும் குறைந்ததே தவிர, பாதிக்கு வரவில்லை.

"பாதி வரலேன்னா நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார் தேனப்பன்.

நாற்காலி போனால் மடுவும் போய்விடும் என்று சுழியன் பயந்தான். நாற்காலியில் பஞ்சு மெத்தை இருந்ததும் உண்மைதான். யோசித்து யோசித்து, தன் கையாலேயே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினான்: "கழுவிய நெல்லிக்காய் மட்டுமே வாங்கப்படும்."

மறுநாளே மீட்டர் பாதிக்கும் கீழே இறங்கிப் படுத்துவிட்டது. தேனப்பன் அதிகாரியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினார்.

காய் கொண்டுவரும் மான்கள் பலகையைப் படித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தன. பக்கத்தில் இருந்த தண்ணீர் சுழியனின் மடுதான். குடம் குடமாக மொண்டு, கரையில் கொட்டிக் கொட்டிக் கழுவின. ஆலை மிச்சம் பிடித்ததைப்போல இரண்டு பங்கு புல்லுக்குப் பாய்ந்தது. பார்த்துச் செலவழியுங்கள் என்று சொல்ல மான்களுக்கு அதிகாரி யாரும் இல்லை.

"ஏங்க, புள்ளைங்க நீச்சல் கத்துக்கும்னு பார்த்தா, எருமை மாதிரி சேத்துல உருளக் கத்துக்கிச்சுங்க. ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள் மனைவி.

சுழியன் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கு ஓடினான். "முதலாளி, ஒரே ஒரு தொட்டித் தண்ணி விடுங்க. புள்ளைங்க தோல் காஞ்சு வெடிக்குது."

தேனப்பன் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "என்னப்பா இது! விட்டா மீட்டர் ஓடுமே! நீயே ஒரு அதிகாரி. இப்படிப் பொறுப்பில்லாம பேசலாமா?"

சுழியனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பலகையை முறைத்தான். அதில் இருந்தது அவன் கையெழுத்து.

பூநாரை அம்மையார் வந்தார். மீட்டரைப் பார்த்து மெச்சினார். மடுவைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார். "அடடா, முழங்கால் ஆழத்துக்கு அருமையான சேறு! எங்க கூட்டத்தையே இங்க இறக்கிடலாம்போல இருக்கே!" சுழியனுக்குக் கேடயம் கொடுத்து, பக்கத்து மலையில் இருந்த தக்காளித் தொக்கு ஆலைக்கும் அவனையே குடும்பத்தோடு அனுப்பிவைத்தார்.

அந்த மலையின் ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது. குட்டிகள் முதன்முறையாகத் தண்ணீரில் குதித்தன. சுழியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆலை முதலாளியான முள்ளம்பன்றி மாலையோடு வந்தார். "ஐயா, எங்க மீட்டரையும் பாதியாக்கிக் குடுக்கணும்."

"ஆக்கிடலாம். ஆனா எனக்கு ஆலைக்கு மேல் பக்கமா வீடு வேணும். கீழ யாரு இருக்காங்க?"

"ஒரு ஆமைக் குடும்பம் இருக்குதுங்க. சாதுங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்ற சுழியன், எழுதுவதற்கு ஒரு பலகை கேட்டான்.

நீதி: தண்ணீரைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும், அந்தப் பொறுப்பை ஓடையின் கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.