முள்ளை நம்பாதவர்

நம் ஊரில் ஒரு வகை மனிதர் உண்டு: டீசல் முள்ளை நம்பாதவர். சாமியை நம்புவார், ஜோசியரை நம்புவார், முன்பின் தெரியாதவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்புவார். தன் வண்டி கண்ணெதிரே சொல்வதை மட்டும் நம்பமாட்டார். முள் படுத்துவிட்டால் கண்ணாடியைத் தட்டுவார், எழுந்திருக்காவிட்டால் வண்டியைக் குலுக்கிக் காதுகொடுத்துக் கேட்பார், சளப்பென்று ஏதாவது கேட்டால் கோயம்புத்தூர் வரை தாங்கும் என்பார். இன்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்ததே இல்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர்? புகை வந்தால் ஊற்றுவார்.

நல்லூரில் தையல் யூனிட் வைத்திருக்கும் மோகன்ராஜ் இதில் முற்றிய ரகம். டீசல் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்துகிறதென்று, பனியனில் ஒட்டுகிற ‘எம்’ சைஸ் ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டிவிட்டார். அன்று வேனில் அவர் பக்கத்தில் டெய்லர் ரோஸ்மேரி. மடியில் சாம்பிள் பனியன்கள். ஆர்டர் கொடுக்க வந்து அவிநாசியில் தங்கியிருந்த பையர் இரண்டு மணிக்கு ஏர்போர்ட் கிளம்புகிறார். அதற்குள் காட்டினால் யூனிட்டுக்குத் தீபாவளி வரை வேலை; இல்லையென்றால் ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்கு.

“அண்ணாச்சி, முள்ளு தரையில கெடக்கு. பங்க் வருது, வண்டிய உள்ள விடுங்க.”

“அட அம்மிணி, முள்ளும் பையர் சொல்ற டேட்டும் ஒண்ணுங்க. இருவதுன்னா இருவத்தஞ்சு. உள்ளார எச்சா வெச்சுத்தான் சொல்லுவாங்க.”

கட்டிங்கில் எக்ஸ்ட்ரா, டெலிவரியில் எக்ஸ்ட்ரா என்றே வாழ்ந்தவருக்கு டேங்க் மட்டும் கறாராகவா பேசும்? பங்க் பின்னால் போனது. வண்டி இருமியது. நின்றது.

“நான் ஆட்டோ புடிச்சுப் போறேன் அண்ணாச்சி.”

“எதுக்குங்க? ரெண்டு மணின்னா ரெண்டரைதானுங்க.”

கேனில் டீசல் வந்தது, ஊற்றினார். காலியாகும்வரை ஓடிய டீசல் வண்டி, பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் கிளம்பாது என்று அப்போதுதான் தெரிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் வந்து, கழற்றி, காற்று வெளியேறியது. அதற்குள் பையரும் வெளியேறியிருந்தார். சரியாக இரண்டு மணிக்கு.

“இந்த டேட்ல எச்சா வைக்கலையோ அண்ணாச்சி?”

மோகன்ராஜ் முள்ளை முறைத்தார். “இன்னிக்குன்னு பாத்து நெசத்தச் சொல்லிப்போட்டுதுங்க.”

சிரிக்கிறீர்கள். நல்லது. வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் முள் எங்கே இருக்கிறது? ‘காலையில் போட்டுக்கொள்ளலாம்’ என்றுதானே சாவியை எடுத்தீர்கள்? விளக்கு கண்ணை உறுத்தினால் சொல்லுங்கள். மோகன்ராஜிடம் ‘எம்’ ஸ்டிக்கர் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஒட்டத்தான் பனியன் இல்லை.