மூணு விசில், ஆமென்

ஜெபம் நடக்கும்போது நான் கண்ணைத் திறப்பேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கல்யாணத்துக்கு முன்பு இந்தப் பழக்கம் கிடையாது. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு வந்தது. கண்ணை மூடி "அன்புள்ள ஆண்டவரே" என்று ஆரம்பித்து, "ஆமென்" என்று திறப்பதற்குள் என் மகன் ஜோயல் காணிக்கைப் பையைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு நிற்பான். ஆகவே ஒரு கண் ஆண்டவருக்கு, ஒரு கண் ஜோயலுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறேன். (ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜோயலைப் படைத்தவர் அவர்தானே, தெரியாதா?)

அதனால்தான் ஐந்து வருடங்களுக்கு முன் சித்தூர் சர்ச்சில் என் மானம் போன காட்சியை, முந்நூறு பேர் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் முழுசாகப் பார்த்தேன்.

நாங்கள் இருப்பது திருப்பதியில். என் கணவர் தேவா ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஜெமிமாவுக்கு அப்போது ஏழு வயது, ஜோயலுக்கு நாலு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், இரண்டாவது மொழி தெலுங்கு, வீட்டில் மட்டும் தமிழ். ஜெமி தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. இதையெல்லாம் நான் பெரிய குறையாக நினைத்ததில்லை. தினமும் சாயங்காலம் இரண்டையும் பாயில் உட்கார வைத்து, "ஜெபம்னா வேற ஒண்ணும் இல்ல கண்ணு, ஆண்டவரோட பேசறது. மனசுல இருக்கிறத அப்படியே சொல்லணும்" என்று சொல்லிக் கொடுப்பேன். எவ்வளவு அருமையான போதனை! அதுதான் பின்னால் என் கழுத்தை அறுத்தது.

குறை கண்டுபிடித்தவர் கிரேஸ் அண்ணி, என் கணவரின் அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. சித்தூர் சர்ச்சில் ஞாயிறு பள்ளியே அவர் கையில்தான். அண்ணி ஒன்று சொன்னால் என் கணவர் மறுக்கமாட்டார். தலையைச் சொறிவார், அவ்வளவுதான்.

ஒருமுறை அண்ணி திருப்பதி வந்திருந்தபோது, மாடி வீட்டு அம்மா மலைக்குப் போய் வந்து எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்தார். ஜெமி நேராக அத்தையிடம் போய், "அத்தை, நம்ம சர்ச்சுல ஏன் லட்டு குடுக்கறதில்ல?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அண்ணி முகம் சுருங்கிவிட்டது.

"சுகந்தி, நான் சொல்றன்னு தப்பா நெனைக்காத. இந்த ஊர்ல இருந்துக்கினு புள்ளைங்க எப்படி விசுவாசத்துல வளரும்? நீயும் வேலைக்கி ஓடிக்கினு கீற. ஜெமிய எங்கிட்ட உடு. ஜூன்ல சித்தூர்லயே இஸ்கூல்ல போட்டுடலாம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு, சமையலறைக்குப் போய் நான்கு தட்டுகளை இரண்டு முறை கழுவினேன். ஏழு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முடியுமா? ஆனால் அண்ணியிடம் வாய் திறந்து "முடியாது" என்று சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. கடைசியில் அண்ணியே ஒரு வழி சொன்னார்.

"ஏப்ரல்ல ஞாயிறு பள்ளி ஆண்டு விழா வருது. ஆரம்ப ஜெபத்த ஜெமி பண்ணட்டும். நல்ல தமிழ்ல, தடுமாறாம பண்ணிட்டான்னா, அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

"பண்ணுவா அண்ணி! பாத்துக்கினே இருங்க!" என்றேன். (வாய் இருக்கிறதே, அது எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.)

அன்றிரவே உட்கார்ந்து, நோட்டில் பத்து வரி ஜெபம் எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, பாஸ்டரே மயங்கிவிடுவார், அப்படிப்பட்ட செந்தமிழ். ஆனால் ஜெமிக்குப் படிக்கத் தெரியாதே? என் மூளை வேலை செய்தது. செல்போனில் நானே பேசிப் பதிவு செய்து கொடுத்தால், கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவாளே!

மறுநாள் காலை, சமையல் நடந்துகொண்டிருக்கும்போதே போனை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்து, ஜெபத்தைப் பேசினேன். அடுப்பில் குக்கர், காலடியில் ஜோயல், வாசலில் கணவர். பாதியில் நிறுத்தி நிறுத்தி எப்படியோ முடித்தேன். கேட்டுப் பார்க்காமலே அது தேறாது என்று தெரிந்தது. சாயங்காலம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சுத்தமாக இரண்டாவது முறை பதிவு செய்தேன். பிறகு இரண்டில் ஒன்றை அழித்துவிட்டு, போனை ஜெமியிடம் கொடுத்தேன்.

எதை அழித்தேன் என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் மூன்று வாரம் புரியவில்லை.

"ஒரு வார்த்தை கூட விடக்கூடாது, தெரியுதா? அம்மா எப்படிச் சொல்றேனோ அப்படியே சொல்லணும்."

"சரிம்மா" என்றது பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருக்கும். நான் தினமும் பரீட்சை வைத்தேன். எப்படி? முதல் மூன்று வரியைச் சொல்லச் சொல்வேன். மணி மணியாகச் சொல்லுவாள். அதற்குள் பால் பொங்கும், அல்லது ஜோயல் எங்கிருந்தாவது விழுவான். "போதும் கண்ணு, சூப்பர்" என்று ஓடிவிடுவேன். நாலாவது வரியை ஒருநாளாவது கேட்டேனா? இல்லை.

விழா நாளன்று விடியற்காலை பஸ் பிடித்துச் சித்தூர் போனோம். சர்ச் நிறைந்து வழிந்தது. பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் ஜோயலை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முன் வரிசையில் கிரேஸ் அண்ணி, வெள்ளைப் புடவையில், முதுகு வளையாமல். ஆண்கள் பக்கம் பொன்னையா அங்கிள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்திர ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெபத்தில் யார் எங்கே மூச்சு விட நிறுத்தினாலும் "ஆமென்!" என்று கட்டைக் குரலில் முழங்குவார். அவர் சொன்னால் சர்ச்சே பின்னாலேயே சொல்லும். அது பழகிப்போன ஒன்று. காது அவருக்குக் கொஞ்சம் மந்தம்.

ஜெமி மேடையேறி, கை கூப்பி, கண்ணை மூடினாள். எல்லோரும் மூடினார்கள். நான் மட்டும் வழக்கப்படி ஒரு கண்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல நாளைக் காணச் செய்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

"எங்கள் ஞாயிறு பள்ளியையும், எங்களுக்குப் போதிக்கிற ஆசிரியர்களையும் நிறைவாய் ஆசீர்வதியும்."

"ஆமென்!"

அண்ணியின் முதுகு லேசாக இளகியது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. என் பிள்ளை!

"சிறு பிள்ளைகளாகிய எங்களை உமது வழியிலே நடத்தும். டேய் ஜோயல், அதத் தொடாத, சுட்டுடும்."

"ஆமென்!"

என் இரண்டு கண்ணும் திறந்துகொண்டன.

"எங்கள் போதகருக்கு நல்ல சுகத்தையும் பெலனையும் தாரும். ஐயோ, நல்லா ஞாபகம் வந்துச்சு, அவரு பிரசங்கத்த ஆரம்பிச்சா சாமானியத்துல முடிக்க மாட்டாரு. அன்னிக்கி புளிசாதம் கட்டிக்கினுதான் போவணும்."

"ஆமென்!" இந்த முறை பொன்னையா அங்கிளோடு இன்னும் நிறைய பேர், மனமாரச் சொன்னார்கள்.

நான் எழுந்து ஓடிப்போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தியிருக்கலாம். ஆனால் எங்களில் யாரும் ஜெபத்தை நடுவில் நிறுத்தமாட்டோம். கூரை இடிந்து விழுந்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் ஓடுவோம். அதுவும் பிள்ளை செய்கிற ஜெபம். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உஸ்ஸ்ஸ்ஸ்" என்றாள் ஜெமி. "மூணு விசில் வந்திடுச்சு, ஆஃப் பண்ணுங்க."

"உஸ்ஸ்ஸ்ஸ்!" என்று என் மடியிலிருந்து ஜோயலும் சேர்ந்துகொண்டான்.

"ஆமென்!"

அடுத்து என்ன வரப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதிவு செய்த அன்று காலை, நடுவில் என் கணவர் ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அடப்பாவி மனுஷா, வேறு நேரம் கிடைக்கவில்லையா உமக்கு!

ஜெமி தொண்டையைத் தாழ்த்தி அப்பா குரலுக்குப் போனாள். "சுகந்தி, அக்கா கேக்கு அனுப்பிச்சிருக்கா. எங்க வெக்க?" பிறகு என் குரலுக்கு வந்தாள். "அந்தச் செங்கல்லயா? பின்கதவு காத்துக்கு அடிச்சிக்கினே கீது, அதுக்கு முட்டுக் குடுங்க."

"ஆமென்!" என்றார் பொன்னையா அங்கிள், தனியாக.

அண்ணியின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. ஆண்கள் பக்கத்தில் என் கணவர், கண்ணை மூடியபடியே, தலையைச் சொறிந்தார். போச்சு, எல்லாம் போச்சு. ஜூன் மாதம் என் பிள்ளையின் பெட்டியை நானே அடுக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும், நல்ல பிதாவே, ஆமென்."

ஜனங்கள் கண்ணைத் திறக்கத் தொடங்கினார்கள். ஜெமி திறக்கவில்லை. "அப்பாடா, முடிஞ்சிது" என்றாள். எல்லோரும் அவசரமாக மறுபடி மூடிக்கொண்டார்கள்.

அன்று நான் பதிவை நிறுத்திவிட்டதாக நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை போலிருக்கிறது.

"ஆண்டவரே, இந்த மாதிரி அழகா பேச எனக்கு வராதுப்பா. எழுதி வெச்சித்தான் படிச்சேன். எம்புள்ளய எங்கிட்டருந்து பிரிச்சிடாத. அண்ணி நல்லவங்கதான். அவங்களுக்கும் வீட்ல பேச்சுத் துணைக்கி ஆளில்ல, பாவம். ஆனா ஜெமி ராத்திரில என் காதப் புடிச்சிக்கினுதான் தூங்குவா. அங்க போனா யாரு காதப் புடிப்பா? நான் எப்படித் தூங்குவேன்? அண்ணிகிட்ட சொல்ல எனக்கு பயமா கீது. நீயே சொல்லிடுப்பா. சரி, பருப்பு கடையணும்."

பொன்னையா அங்கிள்கூட வாய் திறக்கவில்லை. ஜெமி மட்டும் பதிவில் இருந்தது முடிந்துவிட்டதால் என்ன செய்வது என்று தெரியாமல் கை கூப்பியபடி நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அசிங்கமாக, மூக்கு ஒழுக.

முன் வரிசையில் அண்ணி மெதுவாகத் திரும்பினார். கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆமென்" என்றார்.

அன்று பாஸ்டர் பத்தே நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்தார். வாசலில் எனக்குக் கை கொடுத்து, "புளிசாதம் கொண்டாந்தீங்களாம்மா?" என்று விசாரித்தார். நான் ஜெமியைத் தனியே இழுத்து, "ஏண்டி, அதெல்லாம் ஜெபமாடி?" என்று கேட்டேன். "நீதானம்மா சொன்ன, ஜெபம்னா ஆண்டவரோட பேசறதுன்னு? ஒரு வார்த்தை கூட விடக்கூடாதுன்னு?" என்றாள்.

டீயும் சமோசாவும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அண்ணி என்னைப் பிடித்துவிட்டார்.

"கேக்கு அவ்ளோ கெட்டியாவா கீது?"

"ஐயோ அண்ணி, அது வந்து... கொஞ்சம்..."

"பதினஞ்சு வருசமா சர்ச்சு முழுக்க துன்னுக்கினு கீறாங்க. ஒருத்தர் சொல்லல பாரு." டீயை ஒரு வாய் குடித்தார். "இஸ்கூலு அட்மிசன்லாம் வேணாம். எங்காத யாராச்சும் புடிச்சா எனக்குத் தூக்கம் வராது."

நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். கையிலிருந்த டீ அவர் வெள்ளைப் புடவையில் கொட்டியது. அதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் யாராவது படிப்பார்கள்.

ஜெமிக்கு இப்போது பன்னிரண்டு வயது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அண்ணியே திருப்பதிக்கு வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்ததில், ஜெமி வேதத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாள். வரும்போதெல்லாம் அண்ணி கையில் ஒரு பார்சல் இருக்கும். "இந்தா சுகந்தி, செங்கல்லு. கதவு நல்லாத்தான கீது?" என்று கொடுப்பார். (கேக் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.) எங்கள் வீட்டில் யார் ஜெபத்தை நீட்டினாலும் ஜோயல், "மூணு விசில்" என்று முணுமுணுப்பான். உடனே முடித்துவிட வேண்டும், அதுதான் சட்டம்.

போன சனிக்கிழமையும் அண்ணிதான் குடும்ப ஜெபம் செய்தார். ஊர், உலகம், அரசாங்கம் எல்லாவற்றுக்கும் உருக்கமாக ஜெபித்துக்கொண்டே போனார். சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. எத்தனையாவது என்று எண்ண மறந்துவிட்டேன். மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தேன். எதிரே அண்ணியும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஜெபத்தை நிறுத்தாமலே, எனக்கு இரண்டு விரலைக் காட்டினார்.