வாசல் தெளிப்பான் ஒழிந்தது குறித்துச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான், என் மனைவி, தங்கள் மகனான எங்கள் மாப்பிள்ளை, மகள், ஞாயிற்றுக்கிழமை ஒரு வயது முடிக்கப்போகும் நம் பேத்தி ஆகிய அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாகவும், முக்கியமாக உலர்ந்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் தாங்கள் வெள்ளைச் சட்டையில் இங்கே வந்து, பூங்காவுக்குள் இருக்கும் என் குடியிருப்புக்குப் போகும் வழியில் வாசல் பெஞ்சில் சற்றே இளைப்பாறியதையும், அப்போது புல்தரைத் தெளிப்பான் பீய்ச்சியடித்து, தாங்களும் தங்கள் கைபேசியும் தொப்பலாக நனைந்ததையும், பேத்தியைப் பார்க்காமலேயே அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனதையும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. "அந்தப் பூங்காவுல அந்தச் சனியன் இருக்கிற வரைக்கும் நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனில் சொன்னீர்களாம். மாப்பிள்ளையோ, "அப்பா வரலைன்னா பிறந்தநாளே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் மகள் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை, "பூங்கா சூப்பர்வைசர் சாப்பிட வரலாம்" என்கிறாள். பெற்றவனுக்கு இது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே நாற்பத்திரண்டு தெளிப்பான்களையும் கழற்றிவிட்டு, செடிக்குச் செடி சொட்டுநீர்க் குழாய் போட வேண்டும் என்று எங்கள் பொறியாளரிடம் மனு கொடுத்தேன். அவர் மனுவைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "நிதி இல்லைங்க. குடிநீர் வாரியம், பொதுத் தோட்டத்துல தண்ணியை மிச்சம் பண்ணினா பாதிச் செலவை மானியமாத் திருப்பித் தர்றாங்களாம். அதை வாங்கித் தர்றதா இருந்தா குழாயை எடுத்துக்குங்க, செய்யலாம். வரலைன்னா உங்க சம்பளத்துலதான் பிடிப்பேன்" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் தோட்டக்காரருக்கு அவசரம் என்று பட்டப்பெயர். எதற்கும் அவசரப்படாததால் வந்த பெயர் அது. அந்த மனிதர் அன்றைக்கு மட்டும் பெயரைக் காப்பாற்றினார். ஒரே சனிக்கிழமையில் நாற்பத்திரண்டையும் திருகி எடுத்துச் சாக்கில் கட்டி, புதுக் குழாயையும் வேலி ஓரம் முழுக்கப் பரப்பிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை ஆற அமர உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படித்தேன். ஏழாவது வரியில், 'பணி தொடங்கும் முன் பழைய தெளிப்பான்கள் இயங்குவதை ஆய்வாளர் நேரில் காண வேண்டும்' என்று இருந்தது.

தலை கிறுகிறுத்துவிட்டது சம்பந்தி! இயங்குவதாவது, எல்லாம் சாக்கில் அல்லவா இருக்கிறது? அவசரத்திடம் சொன்னேன். "போட்டதைக் கழட்டத் தெரியுது, கழட்டினதைப் போடத் தெரியாதா?" என்றார். மூன்று நாள் நானும் அவரும் மண்டியிட்டு நாற்பத்திரண்டையும் திரும்ப மாட்டினோம். புதுக் குழாய் வெளியே தெரியாமலிருக்க ஊரிலுள்ள சருகையெல்லாம் கூட்டி வந்து மேலே பரப்பினோம். வாழ்நாளில் முதல்முறையாகக் குப்பையைப் பூங்காவுக்கு உள்ளே கொண்டுவந்தேன். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் அம்மாள் ஸ்கூட்டரில் வந்தார். சிரிப்பு மருந்துக்கும் இல்லை. நான் "திறங்க!" என்று குரல் கொடுத்தேன். தெளிப்பான்கள் ஜோராகச் சுழன்றன. என் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. அதற்குள் அந்த அம்மாள் வேலி ஓரமாய் ஓரடி வைக்க, கால் சருகுக்குள் கணுக்கால் வரை புதைந்தது. குனிந்து சருகை விலக்கினார். கறுப்பாய்ப் புதுக் குழாய், சொட்டு சொட்டென்று அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. "எதைத் திறக்கணும்னு நீங்க சொல்லலையே, அதான் ரெண்டையும் திறந்துட்டேன்" என்றார் அவசரம்.

கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. சட்டை, கைபேசி, பேத்தி, மகள் என்னைக் கூப்பிடும் விதம் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தது எந்த பெஞ்சில் தெரியுமா? அதே பெஞ்சில்! நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் தெளிப்பான் ஒரு சுற்று சுற்றி, உச்சி முதல் கோப்பு வரை குளிப்பாட்டிவிட்டது.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நம்ப மாட்டீர்கள், விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க சம்பந்தி மேல தப்பே இல்லைங்க. நானாயிருந்தா அந்த பஸ்ஸுக்குக் கூட நின்னிருக்க மாட்டேன், நடந்தே போயிருப்பேன்" என்றார். அப்புறம் விண்ணப்பத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். ஏழாவது வரியின் மிச்சம் அங்கே இருந்திருக்கிறது. பழைய இணைப்பை அடைப்பதைத்தான் பணி தொடங்குவது என்பார்களாம். "நீங்க இன்னும் எதையும் அடைக்கலையே! பழசு ஓடுறதைப் பார்த்தாச்சு, அனுபவிச்சும் ஆச்சு. திரும்ப மாட்டினது நல்லது. சருகு சுமந்ததுதான் தண்டம்" என்று சொல்லி, நனைந்த தாளிலேயே கையெழுத்துப் போட்டார்.

அப்பாடா! வயிற்றில் பாலை வார்த்தாற்போல இருந்தது. மானியம் உறுதி என்று நேற்று போனும் வந்துவிட்டது. என் சம்பளம் தப்பியது. இன்று மகள் "அப்பா, காபி" என்றாள். அந்த வார்த்தையை இரண்டு மாதம் கழித்துக் கேட்டேன் சம்பந்தி, மறுபடி கேட்பதற்காகவே இரண்டாவது காபியும் வாங்கிக் குடித்தேன். நாற்பத்திரண்டு தெளிப்பான்களும் நாளையோடு ஒழிந்துவிடும். ஆகவே தாங்களும் சம்பந்தியம்மாளும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இங்கே வரும் பஸ்ஸில், எந்தக் கவலையும் இல்லாமல், வெள்ளைச் சட்டையே அணிந்து வந்து பேத்தியை ஆசீர்வதிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வணக்கமும், தங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
இனி யாரையும் நனைக்காத,
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் வாரியத்தின் ஆணை கைக்கு வந்தது. மானியம் முழுதாகக் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பழைய தெளிப்பான் ஒன்றை மட்டும் மூன்று மாதம் கழற்றாமல், தினமும் காலை பத்து முதல் பத்தரை வரை ஓடவிட வேண்டுமாம். 'ஆய்வின்போது மிகச் சிறப்பாக இயங்கியது' என்று குறிப்பிட்டு, அந்த அம்மாளே ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து பயணத்தை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிறு பத்து மணிக்கு அந்தத் தெளிப்பான்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, வாளிமேல் நான் உட்கார்ந்திருப்பேன். நனைவதெல்லாம் நானே நனைந்துகொள்கிறேன். என்னைப் பார்த்து நிற்காமல், நேரே உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.