பைப்படிக்குப் போன சந்தியோகு

இனித் தன் வீட்டில் தன்னுடைய சத்தம்தான் கேட்கும் என்று சந்தியோகு முடிவெடுத்தது மாதா கோயில் விறாந்தையில் வைத்துத்தான். அங்கே அன்று ஒரு பெரிய மரப்பெட்டியைத் திறந்திருந்தார்கள்.

பெட்டிக்குள் ஐந்து பேக்பைப். வெளிநாட்டில் எங்கோ ஒரு பங்குச் சனம், மீளக்குடியேறிய இந்தச் சின்னக் கடலோர ஊருக்கென்று அனுப்பியவை. மன்னாரில் வங்காலைக்குத் தெற்கே கிடந்த அந்த ஊர், இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து இரண்டு வருசம்கூட ஆகவில்லை. பாதி வீடுகளுக்குத் தறப்பாள்தான் கூரை. ஆனாலும் வருகிற திருநாளுக்கு மாதா சொரூபம் ஊரைச் சுற்றி வருவது என்று தீர்மானித்திருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு முதல் சுற்று. அதற்கு இப்போது பாண்டும் வந்துவிட்டது!

இளம் வயதில் கல்லூரி பாண்டில் ஊதிய எட்வேட் மாஸ்ரர் ஒன்றை எடுத்தார். பையைக் கமக்கட்டுக்குள் செருகினார். குழலை வாயில் வைத்து ஊதி, முழங்கையால் ஒரு அமத்து அமத்தினார்.

கோயில் முகட்டிலிருந்த புறாவெல்லாம் எழும்பிப் பறந்தன. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் கப்பல் ஏதும் தரை தட்டிவிட்டதோ என்று கடலைப் பார்த்தார்கள். சந்தியோகுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை, மனைவி மாக்கிறட்டின் குரலைவிடப் பெரிய சத்தம் ஒன்றை அவன் கேட்டதேயில்லை.

“மாஸ்ரர், எனக்கொண்டு!”

“ஊதுவியோ?”

“உயிர் போனாலும் ஊதுவன்.”

சந்தியோகு கோழையில்லை. கச்சான் காற்றிலும் கடலுக்குப் போகிற ஆள். வீட்டுப் படலையைத் திறக்கும்போது மட்டும்தான் காற்று எந்தப் பக்கமென்று பார்ப்பான்.

அடுத்த இரண்டு கிழமையும் அவனுக்குச் சொர்க்கம். வாயில் குழல் இருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

“இஞ்சேருங்கோ, வேலிக்குக் கதியால் நடுறனெண்டனீங்கள்?”

“பீஈஈஈ.”

“உங்களைத்தான்! இந்த மீனையெண்டாலும் வெட்டித் தாங்கோவன்?”

“பீஈஈ... ஙோங்.”

ஒரு பின்னேரம் மாக்கிறட் இரண்டு வாளியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“குடத்தில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பைப்படிக்குப் போட்டு வாங்கோ.”

சந்தியோகு வாளிகளோடு போனான். இருட்டுப்படுகிற நேரம் வெறும் வாளிகளோடு வந்தான்.

“தண்ணியெங்க?”

“நீ பைப்புக்குப் போகச் சொன்னாய். போய் ஊதிப்போட்டு வாறன்.”

இந்தப் பகிடியை அவன் தானே மெச்சி, வீட்டுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். அடுத்த நாள் பாண்டில் பெரிய மேளம் அடிக்கிற சிங்கராசாவுக்குச் சொன்னான். சிங்கராசா சிரித்த சிரிப்பில் மேளம் கையிலிருந்து நழுவி, மணலில் உருண்டது.

மாக்கிறட் ஏசவில்லை. கடலிலென்றால் அவனுக்கு விளங்கியிருக்கும். வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று விழுந்தால் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பவேணும். வீட்டில் அவன் திருப்பவில்லை.

வீட்டுத்திட்டத்துச் சீமெந்துக் கல்லு வந்து சேர்ந்தது அந்தக் கிழமைதான். லொறி மணலுக்குள் இறங்க மறுத்து, தார் றோட்டு முடக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

“மாரிக்கு முந்திச் சுவர் எழும்பி ஓடும் போடவேணும்,” என்றாள் மாக்கிறட். “வாங்கோ, ரெண்டு பேருமாக் கல்லைத் தூக்குவம்.”

“எனக்குப் பிறக்டிஸ்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் பிறக்டிஸ். திருநாள் முடியுமட்டும் ஒவ்வொரு நாளும்.”

“சரி,” என்றாள் அவள். “ஊதுங்கோ.”

ஊதப் போனான். அவள் எட்வேட் மாஸ்ரரிடம் போனாள்.

“மாஸ்ரர், கோயிலடியில நீங்கள் ஊத, பங்குச் சுவாமிக்குப் பூசை வைக்கேலாமக் கிடக்குதாம். எங்கட வளவு பெரிசு. அங்க வந்து ஊதுங்கோவன். தேத்தண்ணியும் நான் தருவன்.”

மாஸ்ரருக்குக் கண் கலங்கிவிட்டது. “தங்கச்சி, உங்கட மனம் ஆருக்கு வரும்?”

“ஒண்டு மட்டும், மாஸ்ரர். நான் பாத்தனான், இவையின்ர நடை சரியில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கப்பாட்டில போகினம். கையில ஒரு பாரம் இருந்தா நடை நேராகும்.”

“என்ன பாரம், தங்கச்சி?”

“கல்லுக் கொஞ்சம் றோட்டு முடக்கில சும்மா கிடக்குது.”

அன்று பின்னேரம் வங்காலைப் பக்கமிருந்து வந்த பஸ் முடக்கில் நின்றுவிட்டது. சனம் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தது. சிங்கராசா மேளம் அடிக்க, பைப்பும் மேளமுமாய்ப் பத்துப் பேர் இருந்த பாண்டில் மிச்சம் ஒன்பது பேரும் ஆளுக்கொரு கல்லோடு, இடது வலது, இடது வலது என்று மணல் ஒழுங்கைக்குள் அணிவகுத்துப் போவதும் வருவதுமாய் இருந்தார்கள். நடுவில் சந்தியோகு. கல்லுத் தூக்காமல் இருக்கப் பாண்டில் சேர்ந்தவன், பாண்டில் சேர்ந்தபடியால் கல்லுத் தூக்கினான். அவனோடு மற்ற எட்டுப் பேரும் தூக்கினார்கள்.

“ஆறு மணிக்குள்ள முடிஞ்சிட்டுது!” என்று மாஸ்ரர் துள்ளினார். “நடையைப் பாத்தியளோ? பட்டாளம் மாதிரி!”

“நாளைக்கு மணல் அள்ளிக்கொண்டு நடந்தா இன்னும் திறமா வரும்,” என்றாள் மாக்கிறட், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு.

சுவர் எழும்பியது. பாண்டும் எழும்பியது. மாதா பாட்டு ஒன்று, ஒரே பாட்டுத்தான், பத்துப் பேருக்கும் ஒன்றாய் வரத் தொடங்கியது. உடுப்புக்கு என்ன செய்வதென்று யோசித்தபோது மாக்கிறட்டே வழி சொன்னாள். கட்டம் போட்ட சாரத்தைக் கொண்டுவாருங்கோ, மடிப்பு வைத்து முழங்கால் அளவில் பாவாடை மாதிரித் தைத்துத் தாறன். முதலில் வெட்டியது சந்தியோகுவின் நல்ல சாரத்தை.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் இடி விழுந்தது. வெள்ளிப்பூண் போட்ட நெடுந்தடியைப் பிடித்துக்கொண்டு, பாண்டுக்கு முன்னால் நடந்தவர் மாஸ்ரர்தான். பின்பக்கமாக நடந்து காட்டுகிறேன் என்று போய், மிச்சக் கல்லுக் குவியலில் தடக்கி விழுந்தார். கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது.

கதிரையில் உட்கார்ந்தபடி கத்திப் பார்த்தார். ஐந்து பேக்பைப்பின் சத்தத்துக்குள் அவருடைய குரல் ஒருவர் காதிலும் ஏறவில்லை. “நிப்பாட்டுங்கோ” என்கிறார், பாண்ட் வேலியை முட்டும்வரை போகிறது. திருநாள் அன்று இப்படிப் போனால் சொரூபம் ஒரு பக்கம், பாண்ட் கடலுக்குள்ளே!

அப்போதுதான் குசினிப் பக்கம் ஒரு ஆடு, காயப்போட்டிருந்த சாரம் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது.

“நில்லடா!” என்றாள் மாக்கிறட்.

ஆடு நின்றது. பாண்டும் நின்றது. பத்துப் பேரும் ஒரே அடியில், ஒரே மூச்சில், ஒரு ஙோங்கூட மிச்சமில்லாமல்.

மாஸ்ரர் வீங்கிய காலோடு எழும்பிவிட்டார். “தங்கச்சி! இன்னொருக்காச் சொல்லுங்கோ!”

அன்றே தடி கை மாறியது. சந்தியோகு மாஸ்ரரைத் தனியாகப் பிடித்தான்.

“மாஸ்ரர், பொம்பிளையோ தடி பிடிக்கிறது? எனக்குப் பிடிக்கேல்லை.”

“அவவுக்குப் பிடிக்குது. அவ பிடிக்கட்டும்.”

தடியை உயர்த்தினால் ஊதவேணும். இறக்கினால் நிறுத்தவேணும். இவ்வளவு நாளும் நாலு சுவருக்குள் வாயால் நடந்த ஆட்சி, இனி ஊரறியத் தடியால் நடக்கப்போகிறது. சந்தியோகுவுக்கு நித்திரை போய்விட்டது.

திருநாளும் வந்தது. வங்காலையிலிருந்து, மன்னாரிலிருந்து, சிலாவத்துறையிலிருந்தெல்லாம் சனம். வேலிக்கு வேலி கொடி. வெடி வெடித்தது. சொரூபம் வெளியே வந்தபோது வயது போனவர்கள் நிலத்தில் முழந்தாளிட்டு அழுதார்கள். மாக்கிறட் தடியை உயர்த்தினாள். ஐந்து பையும் ஒன்றாக முழங்கின. அந்தச் சத்தத்துக்குள் நடந்தபோது சந்தியோகு இன்னும் பலமாய் ஊதினான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு இந்த ஒழுங்கையில் சத்தம்! அதில் அவனுடைய சத்தமும் இருக்கிறது!

அந்தச் சந்தோசம்தான் அவனுக்கு வீரத்தைக் கொடுத்தது. சந்தியில் சொரூபம் நிற்கும், அவள் தடியை இறக்குவாள், நான் நிறுத்தமாட்டேன். வாழ்க்கையில் ஒருக்கால், ஊர் பார்க்க, அவள் சொல்ல நான் கேட்காமல் நிற்கவேணும்.

சந்தி வந்தது. தடி இறங்கியது. பாண்ட் நின்றது. சந்தியோகு ஊதினான்.

தனியொரு பேக்பைப் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாக்கிறட்டும் திரும்பினாள். இடி இறங்கப்போகிறது என்று அவன் கண்ணை இடுக்கினான்.

அவள் சிரித்தாள். தடியை அவன் பக்கம் நீட்டி உயர்த்தினாள். மற்றக் கையால், கேளுங்கோ என்று சனத்துக்குச் சைகை காட்டினாள்.

“தனிய ஊதுறானடா!” என்று யாரோ கத்தினார்கள். கைதட்டு. விசில். சிங்கராசா மெல்ல மேளம் சேர்த்தான்.

பாட்டு ஒரு முறை முடிந்தது. தடி இறங்கவில்லை. இரண்டாம் முறை. தடி அங்கேயே நின்றது. இப்போது நிறுத்தினால் மூச்சு முட்டி நிறுத்திவிட்டான் என்று ஊர் சொல்லும். மூன்றாம் முறை. கன்னம் இரண்டும் பேத்தை மீன் மாதிரி வீங்கின. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அதைவிடப் பயங்கரமான இன்னொன்றும் இறங்கத் தொடங்கியது.

மாக்கிறட் அணிவகுப்பு நடையில், சிரித்த முகம் மாறாமல், அவனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“நாளைக்கு ஓடு போடக் கூரையில ஏறுறீங்களோ?” என்றாள் மெல்ல.

அவன் வேறு பக்கம் பார்த்தான்.

“சாரம் இறங்குது.”

குனிந்து பார்த்தான். உண்மைதான். இரண்டு கையும் பைப்பில். சாரம் இடுப்பெலும்பைத் தாண்டிவிட்டது. எதிரே மன்னாரிலிருந்து வந்த கன்னியாஸ்திரிகள் வரிசையாக நின்றார்கள்.

“ஏறுறீங்களோ?”

தலையாட்டினான்.

“ஓடு முழுக்கப் போட்டு முடிக்கிறீங்களோ?”

மூன்று தரம் தலையாட்டினான்.

தடி இறங்கியது. பை அழுது ஓய்ந்தது. அவன் பைப்பை ஒரு கையாலும் சாரத்தை மறு கையாலும் பிடித்துக்கொள்ள, சனம் ஆர்ப்பரித்தது. இவ்வளவு பக்தியாகத் தலை வணங்கி ஒரு வாத்தியத்தை முடித்தவனைத் தான் கண்டதில்லை என்று பங்குச் சுவாமி அன்று முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அடுத்த நாள் விடிய சந்தியோகு கூரையில் ஏறினான். அதற்கடுத்த நாளும் ஏறினான். மூன்றாம் நாள் அவன் ஓட்டை அடுக்கிக்கொண்டிருக்கையில், ஒரு ஸ்கூட்டர் படலையடியில் வந்து நின்றது.

“சந்தியோகு அண்ணே! நான் பரீனா. சிலாவத்துறையில ரீச்சர். திருநாளில நீங்க தனிய ஊதினதைக் கேட்டதில இருந்து எங்கட பிள்ளையள் வகுப்புக்குள்ளயும் பீ பீ எண்டுதான் திரியுதுகள். எங்கட புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு உங்கட பாண்ட் வரவேணும்.”

தன்னைத் தேடி, தன்னுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு, அடுத்த ஊரிலிருந்து ஒரு ஆள்! சந்தியோகு முகட்டில் நிமிர்ந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

“பாப்பம் ரீச்சர். கனபேர் கேட்டுக்கொண்டிருக்கினம். நாள் ஒத்துவருமோ எண்டும் பாக்கவேணும். உடன சொல்லேலாது. நான் யோசிச்சு ஒரு பதில் தாறன்.”

“நாளெல்லாம் மாக்கிறட் அக்கா நேத்தே தந்திட்டா அண்ணே. உங்களைக் கூரையால எப்ப இறக்குவாவெண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்தனான்.”