காசித்தும்பையரின் பூ

போர்க்காலத்துக் கண்டியில் எதற்கும் அஞ்சாத தமிழர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் மாட்டைக் கண்டால் நடுக்கம். பூவைத் தின்றுவிடுமே!

எங்கள் போர்டிங்கில் அவருக்குக் காசித்தும்பையர் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். நக்கிள்ஸ் மலையில், தண்ணீர் கசியும் ஒரேயொரு பாறைச் சரிவில் மட்டும் பூக்கும் காட்டுக் காசித்தும்பை ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாதாம். பூக்கும் காலத்தில் ஞாயிறு தவறாமல் பார்க்கப் போவார். இனக்கலவரம் ஓய்ந்து, நாங்கள் வாசலை எட்டிப் பார்க்கவே யோசித்த வாரத்தில்கூட, அட்டை ஏறாமலிருக்கக் கால்களில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறினார். இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். சொன்னால் சிங்களவர் விகாரைக்கும் நாங்கள் பிள்ளையாருக்கும் பறித்துக்கொண்டு போய்விடுவோம் என்று எல்லா இனத்தாரையும் சமமாகச் சந்தேகித்தார்.

ஒரு ஞாயிறு அவரைப் பொலிஸ் பிடித்தது. ஆள் தமிழர், உடம்பெல்லாம் சேறு, கையில் பூதக்கண்ணாடி. எங்கே போனாய் என்றால் பூப் பார்க்க என்கிறார், எந்த இடம் என்றால் சொல்லமுடியாது என்கிறார். புலி என்று சந்தேகிக்க வேறென்ன வேண்டும்? நிரூபிக்காவிட்டால் கொழும்புக்கு அனுப்புவோம் என்றார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. நான் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் அவரிடம் கெஞ்சினேன்.

"ஐயா, ஒரு பூவப் பறிச்சிக் காட்டிருங்களேன். விட்டுருவாங்க."

"பறிச்சா விதை விழாது தம்பி. அடுத்த வருசம் அவை என்ன செய்யிறது?"

யாழ்ப்பாணத்தில் ஆட்களைச் சொல்கிற 'அவை'; அவர் சொன்னது பூக்களை. எனக்கு அழுகையும் வந்தது, அவரை ஓர் அறை விடலாமா என்றும் தோன்றியது.

கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் அவரே ஒரு வழி சொன்னார். நீங்கள் மட்டும் வாருங்கள், காட்டுகிறேன், ஆனால் தொடக்கூடாது. கைதி போட்ட நிபந்தனையைக் கேட்டு ஸ்டேஷனே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விடிந்ததும் ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் திரும்பியபோது இருவர் காற்சட்டையிலும் அட்டை கடித்த இரத்தம். பூ இருந்ததா, எங்கே இருக்கிறது என்று கான்ஸ்டபிள்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேலே கல்லைத் தவிர ஒன்றுமில்லை, இது முழுப் பைத்தியம், வெளியே விட்டுத் தொலையுங்கள் என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் எரிந்து விழுந்தார்.

வெளியே வந்ததும், அவ்வளவும் பொய்யா என்று பாய்ந்தேன்.

"பொய்யில்லை. அந்த மனுசன் தொப்பியைக் கழட்டிப்போட்டு, முழங்காலிலை இருந்து பார்த்தவர். திரும்பி வரேக்கை, ஒருத்தருக்கும் காட்டாதையும் எண்டவர்."

அன்றிலிருந்து ஊரார் பைத்தியம் என்றபோதெல்லாம் மனிதர் பட்டம் பெற்றவர்போல் பூரித்தார்.

என்னிடம்கூட அந்த இடத்தை அவர் சாகும்வரை சொல்லவில்லை. அப்படியிருந்தும், கண்டியில் நான் அவ்வளவு நேசித்த மனிதர் வேறு எவருமில்லை.