‘வெளிக்கிட்டார்’ என்று அச்சடித்த மாப்பிள்ளைக்கு

மஹய்யாவ, கண்டி.
1935-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 22-ந் தேதி, வியாழக்கிழமை.

கொழும்பிலிருக்கும் பத்திராதிபர் கிளறன்ஸ் மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் சுவக்கின் எழுதிக் கொண்டது. தேவ கிருபையால் நானும் உங்கள் மாமியார் பெற்றீசியாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் மகள் மேபலும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். மேபலுக்கு இது ஏழாம் மாதமாகையால் இந்தக் கடிதம் அவள் கண்ணில் படாமல் தனியே இருந்து வாசிக்கவும். மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய மரியாதை இத்துடன் முடிந்தது. இனி எழுதுவதெல்லாம் பத்திராதிபருக்கு.

நான் யார் என்பது உங்களுக்கு மறந்து போயிருக்கலாம், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். முப்பத்தொரு வருஷம் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். நீங்கள் என் மகளைக் கட்டிய நாள் முதல் உங்கள் வாரப் பத்திரிகைக்குக் கண்டிச் செய்தி எழுதி அனுப்புகிறவன். பெரஹரா ஊர்வலத்தில் யானை மிரண்டு வளையல் கடைக்குள் தலையை விட்டதை எழுதினேன், யானைக்கு இடமில்லை என்று விட்டுவிட்டீர்கள். மடவளை பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் நின்றுபோய் உள்ளே இருந்த சனமே இறங்கித் தள்ளியதை எழுதினேன், பஸ்ஸையும் சனத்தையும் வெட்டிவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாலம் இருக்கிறது என்று போட்டீர்கள். அதையெல்லாம் பொறுத்துக் கொண்டேன். மகளைக் கொடுத்த இடமாயிற்றே என்று வாயை மூடிக் கொண்டிருந்தேன். ஆனால் திங்கட்கிழமை ரயிலில் வந்து சேர்ந்த உங்கள் பத்திரிகையைப் பார்த்த பிறகு, இந்த நாலு நாளாக நான் தெருவில் இறங்கவில்லை.

எங்கள் வரிசையில் முப்பத்திரண்டு வீடு. கடைசி வீடு என்னுடையது. முப்பத்திரண்டுக்கும் சேர்த்து இருந்த ஒரேயொரு கக்கூசு போன வருஷத்து மழையில் மண்ணோடு சரிந்து கீழே போய்விட்டது. ஆண்கள் எங்கேயோ போய் எப்படியோ வந்து விடுகிறார்கள். பெண்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து மேட்டில் ஏறி மானாப் புல்லுக்குள் போக வேண்டும், விடிந்துவிட்டால் மறுபடி இருட்டும் மட்டும் அடக்கிக் கொண்டிருக்க வேண்டும். உங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாரே வீரய்யா, அவருடைய மருமகள் சுந்தரிக்கும் மேபலைப் போலவே இது ஏழாம் மாதம். போன மாதத்து மழையில் அந்தப் பெண் மேட்டில் வழுக்கி விழுந்தாள். கைத்தாங்கலாகக் கூடப் போன உங்கள் மாமியாரும் சேர்ந்து விழுந்து, முழங்கால் வீங்கி இன்னும் நொண்டுகிறாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது மாதா செய்த உபகாரம். என் மகள் கொழும்பில் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக் கொள்கிறாள், அவள் வயதுப் பெண் இங்கே புல்லைப் பிடித்துக் கொண்டு மலையேறுகிறாளே என்று நினைக்கிற போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு ஏழு மனு எழுதினேன். ‘கவனத்துக்கு எடுக்கப்பட்டது’ என்று ஏழுக்கும் ஒரே பதில் வந்தது. எடுத்தவர்கள் அதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான், அடுத்த வருஷம் எலெக்சன் வருகிறபடியால், நம்ம பகுதி அரசாங்க சபை மெம்பர் எங்களைப் பார்க்க வந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், ஒரு தடவை உங்களிடம் மாட்டி அவர் பட்டது போதும். பாடசாலை முற்றத்தில் கூட்டம் வைத்தோம். வீரய்யா மாலை போட்டார், நான் வாழ்த்துப் பத்திரம் வாசித்தேன். மெம்பர் ஜினீவாவில் கூடும் சர்வதேச சங்கத்தைப் பற்றியும் தேயிலை விலையைப் பற்றியும் பேசிக் கொண்டே போனார், கக்கூசுப் பக்கம் வருகிற வழியாக இல்லை. அப்போதுதான் வீரய்யாவின் சம்சாரம் அன்னலட்சுமி, கூட்டத்தில் ஒரு நாளும் வாயைத் திறக்காத மனுஷி, எழுந்து நின்றாள்.

“ஐயா, வோட்டுக் கேக்க நீங்க பட்டப்பகல்ல வர்றீங்க. நாங்க ஒதுங்கப் போறதுக்கு இருட்டுக்குக் காத்துக் கெடக்கோம். வயித்துக்கு என்னங்க தெரியும் பகலு ராத்திரி?”

மெம்பர் முகம் சிவந்து, தாமே நேரில் ஆபீசுக்குப் போய் ஆவன செய்வதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை மறக்காமலிருக்க அது தமிழ்ப் பத்திரிகையில் வரவேண்டும் என்று அவருடைய கிளாக்கரே என்னைக் கேட்டுக் கொண்டார். என் மாப்பிள்ளை பத்திராதிபர் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த நெஞ்சு இப்போது எங்கே இருக்கிறது என்று வந்து பாருங்கள்.

நான் எழுதி அனுப்பியது இது, பிரதி என்னிடம் இருக்கிறது: ‘இப்பகுதியில் ஒரு மலசலகூடமேனும் இல்லாத குறையை நன்குணர்ந்த மெம்பர் அவர்கள், ஆவன செய்வதாக வாக்களித்து, ஆண்களும் பெண்களும் எழுந்து நின்று கைதட்ட, கழுத்தில் மாலையுடன், பாடசாலை முற்றத்திலிருந்து மோட்டார் வண்டியில் புறப்பட்டார்.’ இடம் போதவில்லை என்று நீங்கள் வாக்கை வெட்டினீர்கள். மோட்டார் வண்டியையும் வெட்டினீர்கள். ‘முற்றத்திலிருந்து’ என்ற ஒரு சொல்லை வரி நிரம்புவதற்காக இரண்டாகப் பிளந்தீர்கள். ‘புறப்பட்டார்’ என்பது உங்கள் யாழ்ப்பாணத்துக் காதுக்கு ருசிக்காமல் அதையும் மாற்றினீர்கள். கடைசியில் அச்சில் வந்தது இது: ‘இப்பகுதியில் ஒரு மலசலகூடமேனும் இல்லாத குறையை நன்குணர்ந்த மெம்பர் அவர்கள், ஆண்களும் பெண்களும் எழுந்து நின்று கைதட்ட, கழுத்தில் மாலையுடன், பாடசாலை முற்றத்தில் இருந்து வெளிக்கிட்டார்.’

உங்கள் ஊரில் வெளிக்கிடுவது என்றால் பயணம் புறப்படுவது, உடுத்திக் கொண்டு ஆயத்தமாவது. எங்கள் பக்கத்தில் ‘வெளிக்கு’ என்று ஆரம்பித்தாலே செம்பை எடுத்துக் கொண்டு எழுந்து போகிற காரியம் ஒன்றுதான். போதாததற்கு ‘இருந்து’ என்பதைத் தனியே பிளந்து அவரை முற்றத்தில் உட்காரவும் வைத்துவிட்டீர்கள். இது தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. உங்கள் கல்யாணத்தன்று காலையில் உங்கள் தமக்கையார் வந்து, “பொம்பிளை வெளிக்கிட்டாச்சோ? மாமி, நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?” என்று சம்பந்திமார் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்கள். பெற்றீசியா தலையைக் குனிந்து கொண்டு, “நாங்க ரெண்டு பேருமே காலையிலயே போயிட்டு வந்துட்டோங்க” என்று சொன்னாள். அதற்கு மூன்று நாள் விழுந்து விழுந்து சிரித்தவர் நீங்கள். கோயிலில் சாமியார் முன்னால் முழங்காலில் இருக்கும்போதும் உங்கள் தோள் குலுங்கிக் கொண்டிருந்ததை நான் பின்னால் நின்று பார்த்தேன். அப்படிச் சிரித்தவருக்கு அந்தச் சொல் எப்படி ஐயா மறக்கும்? அச்சுக் கோக்கிறவர் மேல் பழியைப் போட வேண்டாம், அவர் உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் கோக்கிறார்.

பத்திரிகை வந்த அன்று மக்கீன் காக்காவின் தேத்தண்ணிக் கடையில் வழக்கம் போலச் சனம் கூடியிருந்தது. கண்டிச் செய்தியைச் சத்தமாக வாசிப்பது மக்கீன் காக்காதான், வாசிக்கத் தெரியாதவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். நான் ஒரு மூலையில், ஊரே என்னை மெச்சப் போகிறதென்று பல்லைக் காட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனுஷன் வாசித்துக் கொண்டே வந்து நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, “மாஸ்டர், பேப்பர்ல இப்படித்தான் ஈக்குது. நான் கூட்டியும் வாசிக்கல்ல, கொறச்சும் வாசிக்கல்ல” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீரய்யா நெடுநேரம் யோசித்துவிட்டு, “நான் அங்கனதான நின்னேன், பாக்கலையே. அவ்வளவு அவசரம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே” என்றார். கைதட்டினதாக எழுதியிருக்கிறதே, யார் தட்டியது என்று இன்னொருவர் கேட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த பெண்களெல்லாம் தாங்கள் கைதட்டவில்லை என்று வீடு வீடாய்ப் போய்ச் சத்தியம் செய்கிறார்கள். அன்னலட்சுமி என் வீட்டு வாசலில் வந்து நின்று, “ஒரு வருசமா யோசிச்சு ஒரே ஒரு நாளு பேசினேன் மாஸ்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மெம்பருடைய கிளாக்கர் காரில் வந்து, இறங்காமலே கண்ணாடியை இறக்கி, மெம்பர் இனிமேல் மஹய்யாவப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார், ஆபீசிலும் ஒரு வார்த்தை பேச மாட்டார், இந்த ஜன்மத்தில் கக்கூசு என்ற சொல்லையே உச்சரிக்க மாட்டார் என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார். ஆகையால் இப்போது எங்களுக்கு மெம்பரும் இல்லை, வாக்கும் இல்லை, கக்கூசும் இல்லை. சுந்தரி இன்று காலையிலும் மேட்டுக்குத்தான் போய் வந்தாள். இத்தனைக்கும் உங்கள் மாமியார் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக் கொண்டே, “மாப்பிள்ளைய ஒண்ணும் கோவிச்சு எழுதிடாதீங்க, அவுக ஊருப் பேச்சு அப்படி” என்கிறாள். அந்தக் காலைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடுகிறது.

எனவே நான் கேட்டுக் கொள்வது, கேட்டுக் கொள்வதென்ன, கட்டளையிடுவது: அடுத்த இதழின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் திருத்தம் வரவேண்டும். வாசகமும் நானே தருகிறேன். ‘சென்ற இதழில் குறிப்பிட்ட மெம்பர் அவர்கள் மேற்படி முற்றத்தில் இருக்கவுமில்லை, அங்கே எதையும் இடவுமில்லை. வந்தபடியே வண்டியில் ஏறிப் போனார்.’ இதில் ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ பிளக்கவோ உங்களுக்கு அதிகாரம் கிடையாது. இது வராவிட்டால் இன்று முதல் கண்டியில் பூமி அதிர்ந்தாலும் உங்களுக்கு ஒரு வரி எழுத மாட்டேன். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் நான் கொழும்பில் கால் வைக்க மாட்டேன், பெற்றீசியாவை மட்டும் ரயிலேற்றி விடுவேன்.

மேபலுக்குச் சுகப் பிரசவமாக அந்தோனியாருக்கு நேர்ந்து கொண்டிருக்கிறேன். அவளை மாடிப்படி ஏற விடவேண்டாம். உங்கள் தமக்கையாருக்கு எங்கள் வந்தனம். உங்களுக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, அது திருத்தம் வெளிவந்த பிறகு பலிக்கக் கடவது.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்,
ம. சுவக்கின்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வீரய்யா மூச்சு வாங்க ஓடி வந்து, “மாஸ்டர், அளக்குறாங்க. கயிறு புடிச்சு அளக்குறாங்க” என்றார். போய்ப் பார்த்தேன். ஆபீஸ் ஓவர்சியரும் இரண்டு மேசன்மாரும் நிற்கிறார்கள். அந்த ஆபீசிலிருக்கும் தமிழ்க் கிளாக்கர் ஒருவர் உங்கள் செய்தியை இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் பெரிய துரைக்குக் கொடுத்தாராம். அரசாங்க சபை மெம்பர் ஒருவர் ஒதுங்க இடமில்லாமல் கழுத்து மாலையோடு முற்றத்தில் உட்கார நேர்ந்ததா, அதற்குச் சனங்கள் கையும் தட்டினார்களா என்று துரை மேசையை அறைந்து, என்னுடைய ஏழு மனுவையும் தேடி எடுக்கச் சொன்னாராம். இந்த விஷயம் கொழும்பில் சபைக்குப் போவதற்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்று உத்தரவு. எட்டுக் கக்கூசு, முதல் நாலும் பெண்களுக்கு. மெம்பரும் நேற்று கட்டுகஸ்தோட்டைக் கூட்டத்தில், ஏழைகள் படும் கஷ்டத்தைத் தாம் நேரில் அனுபவித்தவர் என்று பேசியிருக்கிறார். அவருடைய கிளாக்கர் இன்று காரை விட்டு இறங்கியே வந்து, அந்தப் பத்திரிகையில் பத்துப் பிரதி கேட்டுவிட்டுப் போனார்.

ஆகவே மேலே எழுதியிருப்பதை நீங்கள் வாசிக்கவில்லை. திருத்தம் போடவே வேண்டாம், போட்டால் கயிற்றைச் சுருட்டிக் கொண்டு போய்விடுவார்கள். பெற்றீசியா சுந்தரியின் கையைப் பிடித்துக் கொண்டு, சுண்ணாம்பில் கோடு போட்டிருக்கிற இடத்தையே பார்த்துக் கொண்டு நிற்கிறாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அது உங்களால் என்பதைச் சொல்லத்தான் மனம் வரமாட்டேனென்கிறது. ஞானஸ்நானத்துக்கு இரண்டு பேருமே வருகிறோம், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பவும். இங்கே தண்ணீர்ப் பைப்புக்கும் மனுப் போட்டு நாலு வருஷமாகிறது. அதற்குத் தோதான சொல் ஏதாவது உங்கள் ஊரில் இருந்தால் உடனே எழுதவும்.